எஞ்சினில் பாலாடை கண்ட ஜுமாதில்

மலையூரான அத்-பாஷியில் செத்தவன் எப்படி வாழ்ந்தான் என்று நாற்பதாம் நாளில் யாரும் விசாரிப்பதில்லை. அறுத்த குதிரையின் விலாவில் கொழுப்பு எத்தனை விரல் கனம் என்றுதான் விசாரிப்பார்கள். ஜுமாதிலின் நாற்பதுக்கு அறுத்த குதிரையில் நான்கு விரல் இருந்தது. ஆகவே ஜுமாதில் பெரிய மனிதர்.

அவர் மகள் புருல், உள்ளறையில் பெண்களோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் புதிதாக யார் வந்தாலும் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்க வேண்டும். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கறித் தட்டை நோக்கி நகர்ந்ததும் நிறுத்த வேண்டும். அவள் அத்தை சோனுன்பு, ஜுமாதிலின் தங்கை, இதில் கெட்டிக்காரி. எஞ்சினின் பேச்சறிந்த என் அண்ணனே, கிசில்-பெல் கணவாய் தலைவணங்கிய சாரதியே என்று குரல் நடுங்கப் பாடினாள். புருல் பாடவில்லை.

அத்தை பாட்டுக்கு நடுவே முழங்கையால் இடித்தாள். "வாயைத் தொறடி. பெத்த மக சும்மா உக்காந்திருந்தா ஊர் என்ன சொல்லும்?"

"பொய் பாட எனக்கு வராது அத்தை."

"பொய் இல்லாம ஒப்பாரி உண்டாடி? உண்மையைப் பாடினா எந்த ஆம்பளையைப் புதைக்க முடியும்?"

பக்கத்தில் இருந்த கிழவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அழுகையாக மாற்றிக்கொண்டாள்.

உண்மை இவ்வளவுதான். ஜுமாதில் கூட்டுப் பண்ணையில் ஆட்டுக்கு உப்பு ஏற்றிப்போகும் லாரி ஓட்டினார். பண்ணை கலைந்தபோது பங்குக்கு வந்த ஆடுகளை விற்றுப் பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினார். அன்று முதல் சாகும்வரை அத்-பாஷிக்கும் கணவாய்க்கு அப்பால் இருக்கும் நரினுக்கும் இடையே ஆள் ஏற்றினார். நான்கு பேர் சேர்ந்தால்தான் கிளம்புவார். சேரும்வரை வண்டியை ஓடவிட்டு, சாய்ந்து நின்று பேசுவார். கறுப்புத் தோல் கோட்டு, இரண்டு தங்கப் பற்கள், கண்ணாடியில் தொங்கும் ஒரு குதிரைச் சாட்டை. அந்த டாக்சி ஸ்டாண்டில் எல்லோரும் பேசுவார்கள். ஜுமாதில் அறிவுரை சொல்வார்.

வேலை தெரிந்தவர் அல்ல. அதைவிடக் கேடு, வேலை தெரிந்தவர் என்று மற்றவர்கள் நம்பும்படி பேசத் தெரிந்தவர். காது கொடுத்தே எஞ்சினின் நோயைச் சொல்வேன் என்பார். யாராவது பானட்டைத் திறந்தால் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு, "பசி," என்பார். அல்லது, "வேர்வை அடங்கல," என்பார். குதிரையைப் பற்றி அவர் தகப்பன் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே காருக்குச் சொன்னார். கேட்டவர்கள் எல்லோரும் குதிரை வளர்த்தவர்கள். அதனால் நம்பினார்கள்.

அந்தக் குழாய் விவகாரமும் அப்படித்தான் வந்தது.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளும்போது, எரிந்த வாயு முழுவதும் புகைக்குழாய் வழியாகப் போய்விடாது. கொஞ்சம் பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் நழுவி, கீழே கிராங்க் தண்டு சுழலும் அறைக்குள் இறங்கிவிடும். புது எஞ்சினிலும் இறங்கும். கிழ எஞ்சினில் அதிகமாக இறங்கும். அதில் புகை உண்டு, எரியாத பெட்ரோல் உண்டு, ஏராளமான நீராவி உண்டு. அதே அறையில்தான் எண்ணெயும் இருக்கிறது. வாயுவை வெளியே எடுக்காவிட்டால் எண்ணெய் கெடும், அழுத்தம் ஏறும். இதற்காக ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அது கீழறையிலிருந்து கிளம்பி, வாயுவோடு வரும் எண்ணெய்த் துளிகளைப் பிரித்துக் கீழே அனுப்பிவிட்டு, ஒரு சின்ன வால்வைக் கடந்து, எஞ்சின் காற்றை உறிஞ்சும் பாதையில் போய்ச் சேரும். எஞ்சின் தன் உறிஞ்சலாலேயே தன் வயிற்றைச் சுத்தம் செய்துகொள்ளும். உறிஞ்சியதை மறுபடி எரித்துவிடும். வெளியே போன வாயுவுக்கு ஈடாக வடிகட்டிய நல்ல காற்று இன்னொரு வழியாக உள்ளே வரும். வால்வு அளவு பார்க்கும். வண்டி நின்றபடி ஓடும்போது உறிஞ்சல் கடுமையாக இருக்கும், அப்போது ஒடுங்கிக்கொள்ளும். ஏற்றத்தில் வாயு பெருகும்போது விரிந்து கொடுக்கும். சுண்டுவிரல் நீளத்துச் சாமான். ஜுமாதிலைவிட அறிவுள்ளது.

ஜுமாதில் ஒருநாள் அந்தக் குழாயைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே கறுப்பாகப் பிசுபிசுத்தது. மூக்கில் வைத்தார். "என் குதிரைக்கு அது பேஞ்சதையே குடிக்கக் குடுப்பேனா?" என்று கேட்டார். ஸ்டாண்ட் முழுக்கச் சிரித்தது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்து ஓட்டையில் துணி சுற்றிய மரக்கட்டையை அடித்து இறுக்கினார். குழாயின் கழற்றிய முனையில் நீளமான இன்னொரு ரப்பர் குழாயை இணைத்து, காருக்கு அடியில் வளைத்து, பின்சக்கரம் வரை கொண்டுபோய்த் தொங்கவிட்டார். வாயு வெளிக்காற்றில் போகட்டும், என் எஞ்சின் சுத்தமான காற்றைக் குடிக்கட்டும் என்றார். மூன்று நான்கு முட்டாள்கள் தங்கள் வண்டிகளிலும் அதையே செய்துகொண்டார்கள்.

கோடையில் ஒன்றும் ஆகவில்லை. குளிர்காலத்தில் நீராவி அந்த நீளக் குழாயில் பாதி வழியிலேயே தண்ணீராகும், தொங்கும் இடத்தில் தேங்கும், உறையும். எஞ்சின் சூடாகாமல் மணிக்கணக்காக நின்றபடி ஓடும்போது, வெளியேறாத ஈரம் எண்ணெயோடு கடைந்து வெளுத்த பசையாகி, எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் படியும். தலைநகர் பிஷ்கெக்கில் பஸ் பணிமனையில் எஞ்சின் பொறியாளராக இருந்த புருல், விடுமுறைக்கு வந்தபோது அதைப் பார்த்தாள். அவராகவே மூடியைத் திறந்து காட்டினார். விரலால் வழித்துக் காட்டினார்.

"பாரு. நல்லா மேஞ்ச எஞ்சின். பாலாடை போடுது."

"அது தண்ணிப்பா. எண்ணெயில தண்ணி கலந்திருக்கு. குழாயைப் பழையபடி மாட்டுங்க. ஒருநாள் உறைஞ்சு அடைச்சுக்கும், உள்ள அழுத்தம் ஏறி எண்ணெய் சீலைப் பிச்சுக்கிட்டு கொட்டிடும்."

"பிஷ்கெக்குல பால்ல தண்ணி ஊத்தி விக்கிறாங்க. பாவம், உனக்கு ஆடையைப் பாத்தா அடையாளம் தெரியல."

மறுபடி ஸ்டாண்ட் சிரித்தது. அந்த ஊரில் ஒரு வாதத்தை வெல்ல அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

பானட்டுக்கு அவர் கம்பளிப் போர்வை போட்டிருந்தார். சோனுன்பு தைத்தது, சிவப்புக் கரை வைத்தது. உறையும் குழாய்க்கு ஒரு முழத் துணிகூட இல்லை. ஜனவரியில், நரினில் ஆட்களை இறக்கிவிட்டு, திரும்பும் சவாரி கிடைக்காமல் தனியாக வரும்போது, கிசில்-பெல் ஏற்றத்தில் எஞ்சின் மகள் சொன்னதை அப்படியே செய்தது. குழாய் அடைத்தது. கிராங்க் தண்டின் முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் பிதுங்கியது. எண்ணெய் சாலையில் கொட்டியது. வண்டி நின்றது.

இதற்காக யாரும் சாக வேண்டியதில்லை. அந்தச் சாலையில் மாதம் ஒருவருக்கு வண்டி நிற்கிறது. பின்னால் வருகிறவன் கயிறு போட்டு இழுத்து வருவான். அவ்வளவுதான்.

ஆனால் கயிற்றில் வந்தவனுக்கு ஸ்டாண்டில் "கன்னுக்குட்டி" என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் ஜுமாதில். ஒருவனைக் கயிற்றில் இழுத்து வந்தால் அந்தக் குளிர்காலம் முழுக்க அவனைப் பார்க்கும்போதெல்லாம் கன்று மாதிரிக் கத்துவார்.

இழுத்து வருகிறவன் பெரும்பாலும் சமுதீன். ஜப்பான் மினிபஸ் வைத்திருப்பவன், அதிகம் பேசாதவன். நாற்பதாம் நாளன்று அவன் விருந்துக்கு வந்தும் உள்ளே உட்காரவில்லை. முற்றத்தில் அண்டாக்களுக்கு அப்பால், தட்டை வாங்காமல் நின்றான். ஒப்பாரிக்கு நடுவே எழுந்து வெளியே வந்த புருல் அவனிடம் போனாள்.

"சமுதீன் அண்ணே, கடைசியா அப்பாவைப் பாத்தது நீங்கதானாமே."

அவன் தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான்.

"நான் கயிறை எடுத்துக்கிட்டேதான்மா இறங்கினேன். மாட்டவா அண்ணேன்னேன். கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கிட்டு, 'குதிரைக்கு வேர்த்திருக்கு, ஆற விட்டிருக்கேன், நீ போ'ன்னார். கீழ பாத்தேன். பனியில எண்ணெய் கிடக்குது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்கும் தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"கையை ஆட்டினார். ராஜா மாதிரி. வண்டியில ஆளுங்க இருந்தாங்க, குழந்தை அழுதுச்சு. வந்துட்டேன். திரும்பப் போகலாம்னு பாத்தா பனிப்புயல். ரோட்டை அடைச்சுட்டாங்க."

"நீங்க போயிருந்தாலும் கையைத்தான் ஆட்டியிருப்பார்."

"அப்படிச் சொல்லாதம்மா."

"வேற எப்படிச் சொல்றது?"

காலையில் பனி தள்ளும் வண்டிக்காரர்கள் காருக்குள்ளேயே விறைத்துச் செத்திருந்த அவரைக் கண்டெடுத்தார்கள். ஸ்டாண்டில் ஒரே நாளில் கதை தயாரானது. சேணத்தில் இருந்தபடி செத்தான், குதிரையை விட்டு இறங்காதவன். உள்ளே முல்லா இப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். செத்தவர் குதிரையில் இல்லை, காரில் இருந்தார். அதுவும் வெட்கத்தில் இருந்தார் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

விருந்து முடியும் நேரத்தில் சடங்கு ஒன்று வைத்திருந்தார்கள். செத்தவரின் தொப்பியை மகன் உர்மத்தின் தலையில் வைத்து, சாட்டையைக் கையில் கொடுத்து, கார் சாவியை ஒப்படைத்தார்கள். உர்மத் உடனே நரின் விருந்தாளிகளையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு கணவாயைக் கடந்து போக வேண்டும். தகப்பன் நின்ற இடத்தை மகன் நிற்காமல் தாண்ட வேண்டுமாம். இதை யோசித்தவர்களும் ஸ்டாண்ட்காரர்கள்தான்.

உர்மத் எஞ்சினைப் போட்டு ஓடவிட்டான். பானட்டுக்கு மேல் சிவப்புக் கரை வைத்த அதே போர்வை. புருல் குனிந்து பின்சக்கரத்தின் அருகே பார்த்தாள். ரப்பர் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது.

"உர்மத், சீலை மாத்தினாங்களா?"

"மாத்தியாச்சு அக்கா. தாஷ்தன் பட்டறையில. புது சீல்."

"குழாய்?"

"அப்பா வச்சதை யாரும் தொடல." பெருமையாகச் சொன்னான்.

"பத்து நிமிஷம் குடு. கட்டையைப் புடுங்கிட்டுக் குழாயைப் பழைய இடத்துல மாட்டிடறேன். அப்புறம் நீ எங்க வேணா போ."

"என்ன அக்கா பேசறே? நீ சொல்லித்தான் மாத்தினதா அப்பா சொன்னாரே."

புருலுக்கு முதலில் புரியவில்லை.

"யார் சொன்னா?"

"அப்பாதான். ஸ்டாண்ட்ல எல்லாருக்கும் சொல்வார். 'இது என் ஐடியா இல்ல, என் பொண்ணு போட்ட திட்டம், பிஷ்கெக்குல பெரிய எஞ்சினியரு'ம்பார். மத்தவங்க மாட்டினதே உன் பேரைக் கேட்டுத்தான்."

அவள் காரின் மேல் கை வைத்தாள். தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது. அவளை ஸ்டாண்ட் நடுவில் கேலி செய்து அனுப்பிவிட்டு, அவள் பேரையே முத்திரையாகக் குத்தியிருக்கிறார். இதற்குச் செத்தவரை எழுப்பிக் கேட்க முடியாது. அதுவும் அவருடைய வழக்கமான சாமர்த்தியம்தான்.

"நான் நேர் எதிராச் சொன்னேன் உர்மத்."

"அப்போ அப்பா பொய் சொன்னாரா?"

"அவருக்கு வேற என்ன சொல்லத் தெரியும்?"

உர்மத்தின் முகம் சிவந்தது. "நாற்பதாம் நாள் அக்கா! வீட்டுக்குள்ள குர்ஆன் ஓதிக்கிட்டிருக்காங்க."

அவள் போர்வையை விலக்கிப் பானட்டைத் தூக்கினாள். அவன் அதன்மேல் கையை ஊன்றி அறைந்து மூடினான். அண்டாக்களின் பக்கம் நின்றவர்கள் திரும்பினார்கள்.

புருல் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மலை மேல வண்டி நின்னுடுது. சமுதீன் அண்ணே பின்னால வர்றார். கயிறு தர்றார். வாங்குவியா?"

"நிக்காது."

"நின்னா?"

அவன் தொப்பியைச் சரிசெய்தான். அது அவனுக்குப் பெரியது, காதுவரை இறங்கியது. "அப்பா வண்டியைக் கயிறுல கொண்டுவர மாட்டேன்," என்றான்.

அவளுக்குக் கேட்க வேண்டியது அவ்வளவுதான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். டிக்கியில் அப்பாவின் கருவிகள் இருந்தன, பாதிக்குமேல் உபயோகமற்றவை. சரியான அளவு ஸ்பானர் ஒன்று கிடைத்தது. பயணச் சாமான் எடுக்கப் போகிறாள் என்று உர்மத் நினைத்திருக்க வேண்டும். அவன் விருந்தாளிகளைக் கூப்பிட உள்ளே போனான். புருல் கறுப்புத் துக்க உடையோடு பனியில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் நகர்ந்தாள். எண்ணெய்த் தொட்டியின் அடியில் வடிகால் திருகு. ஸ்பானரை மாட்டி உதைத்தாள். அசைந்தது. விரலால் கடைசிச் சுற்றுகளைச் சுற்றினாள்.

எண்ணெய் சுடச்சுட அவள் கைக்குள் வந்து முழங்கைவரை ஓடியது. வெளியே உருண்டு வந்து எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவினாள்.

சத்தம் நின்றதும் எல்லோரும் வந்துவிட்டார்கள். காருக்கு அடியிலிருந்து பனியின்மேல் பரவியது கறுப்பாக இல்லை. பால் ஊற்றிய தேநீர் மாதிரி, திரிதிரியாக இருந்தது.

சோனுன்பு கத்தினாள். "அடி பாவி! அண்ணன் வண்டியோட ரத்தத்தைக் கொட்டிட்டியே!"

"ரத்தமா? கிட்ட வந்து பாருங்க அத்தை. சீல் மாத்தினப்போ புதுசா ஊத்தின எண்ணெய்தானே உர்மத்? இதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு." ஸ்டாண்ட்காரர்களைப் பார்த்தாள். அவர்கள் கையில் எலும்புகள் இருந்தன. "இதான் அவர் உங்களுக்குக் காட்டின பாலாடை. யார் யார் வண்டியில என் பேரைச் சொல்லி இந்தக் குழாயை மாட்டினீங்களோ, இன்னைக்கே வீட்டுக்குப் போய்க் கழட்டுங்க. நான் சொல்லல. சொல்லியிருந்தா நான் படிச்சதுக்கு வேற வேலை பாத்திருக்கணும்."

ஒருவன் எலும்பைக் கீழே வைத்தான். "எண்ணெய் வாங்கி ஊத்திட்டாப் போகுது," என்று இன்னொருவன் முணுமுணுத்தான்.

"ஊத்துங்க. திருகு என்கிட்ட இருக்கு." பையில் கையை விட்டாள். துக்கத்தில் இருக்கும் பெண்ணின் பையில் கை விடும் ஆண் அத்-பாஷியில் இல்லை. "தாஷ்தன் பட்டறைக்கு வண்டி வரட்டும். அங்க குழாயை மாட்டி, எண்ணெய் ஊத்தி, நானே திருகைப் போடறேன்."

பட்டறை ஊரின் மறுகோடியில் இருந்தது. நடுவில் ஒரே ஒரு தெரு, நடுத்தெருவில் ஸ்டாண்ட். எண்ணெய் இல்லாத வண்டி அதைக் கயிற்றில்தான் கடக்க முடியும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது புரிந்தது. யாரும் உர்மத்தைப் பார்க்கவில்லை.

அவன் கல்லாக நின்றான். கையில் சாட்டை. முகத்தில் அப்படியே ஜுமாதில்: தாடையைத் தூக்கி, உதட்டை இறுக்கி, ஒன்றும் நடக்கவில்லை என்கிற அந்தப் பாவனை. இந்த முகத்தைத்தான் இரண்டு விரல் கண்ணாடி இடுக்கில் சமுதீன் பார்த்திருப்பான்.

சமுதீன் அண்டாக்களைச் சுற்றிக்கொண்டு வந்தான். கையில் கயிறு இல்லை. உர்மத்துக்கு எதிரே, ஒரு எட்டுத் தள்ளி நின்றான்.

"தம்பி, மாட்டவா?"

எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் முல்லா காலணியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"தம்பி," என்றான் சமுதீன் மறுபடி. "இந்தத் தடவை நான் கேட்டுட்டுப் போயிட மாட்டேன். நீ வேணாம்னு சொன்னா இங்கேயே நிப்பேன்."

உர்மத்தின் தாடை இறங்கியது. சின்னப் பையனாக இருந்தபோது அழுவதற்கு முன்னால் இறங்குவதுபோல. தொப்பியைக் கழற்றிக் காருக்குள் எறிந்தான்.

"மாட்டுங்க அண்ணே. சீக்கிரம் மாட்டுங்க, இல்லாட்டி மாட்டேன்னுடுவேன்."

மினிபஸ் வந்தது. கயிற்றை முன்கொக்கியில் மாட்டினார்கள். உர்மத் சாவியை வாங்கி மாட்டி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். புருல் பக்கத்து இருக்கையில் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்தாள். இருக்கையில் இன்னும் அப்பாவின் புகையிலை வாசனை இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிடிக்க முடியவில்லை. கன்னத்தைத் தோளில் துடைத்தாள், எண்ணெய் அப்பியது.

உர்மத் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒப்பாரி பாட மாட்டேன்னியாமே," என்றான்.

"முன்னாடி பாரு. கயிறு தளருது."

கயிறு தொய்ந்தது, இறுகியது, கார் குலுங்கி நகர்ந்தது. ஸ்டாண்ட் வந்தது. விருந்துக்கு வராமல் சவாரிக்காக நின்றவர்கள் அங்கே இருந்தார்கள். ஜுமாதிலின் கார் கயிற்றில் வருவதை அவர்கள் ஒருநாளும் கண்டதில்லை. பிறகு ஒருவன் வாயில் கையைக் குவித்து, நீளமாக, கன்றுபோல் கத்தினான். ஸ்டாண்ட் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. தகப்பனை இழந்து நாற்பது நாள் ஆனவனிடம் அவர்களுக்கு அவ்வளவு மரியாதை.

உர்மத்தின் கை கண்ணாடிக் கைப்பிடிக்குப் போனதைப் புருல் பார்த்தாள். அது ஏறுமா இறங்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் அதை முழுவதும் இறக்கினான். தலையை வெளியே நீட்டினான்.

"சிரிச்சுக்கிட்டே தள்ளி நில்லுங்கய்யா!" என்று கத்தினான். "எஞ்சின் ஓடல, பிரேக் பிடிக்காது. ஏறினா ஏறினதுதான்!"

அவர்கள் துள்ளி விலகினார்கள். புருல் கைபிரேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.